பஜார் ரோட்டுப் பேரேடு

கொச்சியின் மட்டாஞ்சேரியை விட்டு வந்தவர்கள் முதலில் வாசனையைப் பற்றித்தான் பேசுவார்கள். சுக்கு, மிளகு, ஏலம், கருவாடு, காயல் சேறு. நானும் நிறையப் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு மத்தியானம் சுற்றிப் பார்க்க வருகிறவர்கூட அந்த வாசனையை மூக்கில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். சென்னையில் இத்தனை வருஷம் குடித்தனம் செய்த பிறகும் என்னை அங்கே இழுப்பது அந்த பஜாரின் கை. வீடு போய் நிற்கிறவருக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். தெரிந்துகொள்ள அது கொடுத்த விலையும் சின்னதில்லை.

பஜார் ரோட்டுக் கடைகளுக்கு இரண்டு வாசல். ஒன்று தெருவுக்கு, இன்னொன்று காயலுக்கு. சரக்கு பின்வாசலில் வள்ளத்தில் வந்து இறங்கும், முன்வாசலில் விலையாகிப் போகும். எங்கள் அரிசிக் கடையும் அப்படித்தான். தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து கணக்கெழுத வந்தவர். ரங்கூன் அரிசி கப்பல் கப்பலாக வந்த காலத்துக் கதைகளை விட்டுவிட்டுப் போனார். அப்பா அதே தெருவில் சின்னதாகச் சொந்தக் கடை போட்டார். மட்டை, ஜெயா, சுரேகா, பொன்னி என்று மூட்டைகள் அடுக்கியிருக்கும். மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி உள்ளங்கையில் நாலு மணி அரிசியை எடுத்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்துத்தான் அப்பா பேரம் ஆரம்பிப்பார். கடைக்குள் தமிழ், தெருவில் மலையாளம், எதிர்க்கடை சேட்டிடம் உடைந்த இந்தி, பக்கத்துத் தெருவில் கொங்கணி. எங்கள் வீட்டுத் தமிழைக் கேட்டுத் தென்காசிச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் மலையாளத்தைக் கேட்டு மட்டாஞ்சேரி சிரிக்கும்.

அந்த ஊரே ஒருவகையில் துரத்தப்பட்டவர்களால் ஆனது. 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு, கொச்சியில் காயலுக்கும் கடலுக்கும் நடுவே வாய் திறந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வெள்ளம் ஓர் ஊரை மூடி இன்னோர் ஊரைத் திறந்திருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் கொடுங்ஙல்லூரிலிருந்து இடம்பெயர்ந்த யூதர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே நிலம் கொடுத்தார். 1568இல் அவர்கள் கட்டிய பரதேசி ஜெபாலயமும் அரண்மனைக் கோயிலும் இன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. கோவாவில் போர்ச்சுக்கீசியர் கெடுபிடிக்குத் தப்பி ஓடிவந்த கொங்கணிகள் செறளாயியில் திருமலை தேவஸ்வம் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கக் கூட்டிவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் இப்போதும் சலவை செய்கிறார்கள். கட்ச்சிலிருந்தும் சௌராஷ்டிராவிலிருந்தும் வந்த குஜராத்திகள் வியாபாரத்தைப் பிடித்தார்கள். வந்தவர்களுக்கு இடம் விட்டுக் கொடுத்த ஊர், போகிறவர்களை வழியனுப்பவும் கற்றுக்கொண்டது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஜெபாலயத்தின் மர உட்புறத்தைப் பிறகு ஜெருசலேம் அருங்காட்சியகம் கொண்டுபோயிற்று. இங்கே மிஞ்சி நின்ற கட்டடம் 2019 மழையில் சரிந்து விழுந்தது.

இதையெல்லாம் சொல்லி, அதனால்தான் அந்த ஊருக்கு இரக்கம் அதிகம் என்று முடித்துவிட்டால் பொய்யாகிவிடும். பஜாருக்கு இன்னொரு முகம் உண்டு. துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிற முறைக்குச் சாப்பா என்று பெயர். விடிவதற்கு முன்னால் கூலிக்காரர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவான். கையில் வில்லை அகப்பட்டவனுக்கு அன்றைக்கு வேலை. அகப்படாதவன் வெறுங்கையோடு வீட்டுக்கு. ஒரு வில்லைக்காக நாலு பேர் சேற்றில் புரண்டு அடித்துக்கொள்வதை எறிந்தவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்களாம். அந்த முறையை ஒழிக்கச் சொல்லித்தான் 1953இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 15ஆம் தேதி போலீஸ் சுட்டதில் சைது, சைதலவி, ஆண்டணி என்று மூன்று பேர் செத்துப்போனார்கள். ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' படத்தின் கதை இதுதான். கே.எம். சிதம்பரன் எழுதிய நாடகத்திலிருந்து எடுத்தது. படத்தைப் பார்த்துவிட்டு என் தம்பி ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். எங்கள் தாத்தா அப்போது கங்காணி பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினாரா, வில்லைக்குக் கை நீட்டியவர்கள் பக்கத்தில் நின்றாரா என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

எங்கள் கடைக்கு மூட்டை இறக்குகிற சுமட்டுக்காரர்களில் வயதான இக்கா ஒருவர் இருந்தார். அவருடைய வாப்பா சாப்பாவுக்கு ஓடியவர். சின்னப் பையனாக அவரும் கூடப் போய் நின்றிருக்கிறார். எழுபது வயதைத் தாண்டி மூட்டை தூக்க முடியாமல் போன பிறகும் காலையில் கடைக்கு வந்து, காயல் பக்கத்து வாசலில் உட்கார்ந்து, ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டுத்தான் போவார். அப்பாவைப் 'பிள்ளே' என்று கூப்பிடுவார். தெரு நாய்க்குக்கூட ரொட்டியைத் தூக்கிப் போட மாட்டார். குனிந்து, கீழே வைத்துவிட்டு நகருவார். அது அவருடைய ஒரு விசித்திரம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அது என்ன என்று எனக்குச் சென்னையில் புரிந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அடையாறு ஏறி வந்தபோது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் கீழ்த்தளத்தில் இருந்தோம். விடிவதற்குள் தண்ணீர் ஜன்னல் அளவுக்கு வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர் புண்ணியத்தில் உயிர் தப்பி, பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மூன்றாம் நாள் யாரோ லாரியில் வந்தார்கள். வண்டியை முழுசாக நிறுத்தவில்லை. மேலே நின்ற பையன்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கூட்டத்துக்குள் வீசினார்கள். நல்ல பையன்கள்தான். எங்கிருந்தோ ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். ஆனால் பொட்டலத்துக்குக் கையை உயர்த்திக்கொண்டு நான் நின்ற அந்த நிமிஷத்தில் கடைப் பின்வாசலில் குனிந்த அந்த முதுகுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு பொட்டலம் என் தோளில் பட்டுக் கீழே விழுந்து உடைந்தது. புளிச்சாதம். அதை எடுக்கவில்லை. பசி இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொச்சியிலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்தன. கடவந்தறையில் உள்ள விளையாட்டரங்கத்தில் ஆயிரக்கணக்கான பேர் கூடிச் சென்னைக்காகப் பொருள் சேர்த்து, வகை பிரித்து, கட்டி அனுப்பினார்கள். அதற்கு 'அன்போடு கொச்சி' என்று பெயர். எர்ணாகுளம் கலெக்டராக அப்போது இருந்தவர் தமிழ்நாட்டுக்காரர், எம்.ஜி. ராஜமாணிக்கம். அவரும் முன்நின்று செய்த வேலை அது. பெட்டிகளின் மேல் மை பேனாவால் மலையாளத்தில் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அதை வாசிக்கத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். "என்னக்கா எழுதியிருக்கு?" என்று ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க வாசித்துச் சொன்னேன். மெழுகுவத்தி, தீப்பெட்டி. சின்னக் குழந்தைக்கான உடுப்பு. பெண்களுக்கானது. இதில் பிஸ்கட், உடையும், பார்த்து இறக்கவும். உள்ளே இருப்பது வெளியே தெரிந்ததால் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொண்டார். முகம் தெரியாத யாரோ ஒரு பெண் கொச்சியில் உட்கார்ந்து எழுதிய அந்தக் கையெழுத்தை நான் அன்றைக்கு முழுதும் வாசித்துக்கொண்டிருந்தேன். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் அது எனக்கு ஊர் என்று பட்டது.

கடன் அடைக்க மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியது. பெரியாறு ஆலுவாவையும் பறவூரையும் மூடியது. சுதந்திர தினத்தன்று மூடிய நெடும்பாஸ்ஸேரி விமான நிலையம் 29ஆம் தேதிதான் திறந்தது. நடுவில் கடற்படையின் வில்லிங்டன் தீவு ஓடுதளத்தில் சின்ன விமானங்கள் இறங்கின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். நானூறுக்கும் மேல் உயிர்ப் பலி. கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், வீட்டுக் கூரைகளிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். மட்டாஞ்சேரிக்குள் தண்ணீர் வரவில்லை. ஆகவே அந்த ஊர் கொடுக்கிற பக்கத்தில் நின்றது. ரயில் ஓடத் தொடங்கியதும் நான் போய்ச் சேர்ந்தேன்.

கடையில் அப்பாவுக்கும் தம்பிக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பைக்குள்ளும் ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, எண்ணெய், சர்க்கரை, தேயிலை என்று ஒரே மாதிரி இருநூறு பை கட்டிவைத்திருந்தான் தம்பி. லாரியும் தயார். அப்பா ஏற்ற விடவில்லை.

"முதல்ல போய் கேட்டுட்டு வாரேன். அப்புறமா ஏத்தலாம்."

"என்னத்தப்பா கேக்கப் போறீங்க? அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்குவாங்க."

"எதைக் குடுத்தாலும் வாங்கிக்கிடுவாங்கங்கிறதுக்காக எதையாவது குடுப்பியால?"

இக்கா சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளே சொல்றதுதான் சரி, மோனே. எறிஞ்சிட்டு வராதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாப்பாவைப் பற்றி அவர் தம்பியிடம் எதுவும் விளக்கவில்லை. தம்பிக்கு அன்றைக்கு அது புரிந்ததாகவும் தெரியவில்லை. பைகளை இறக்கிவைத்தான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

தம்பி பக்கத்திலும் நியாயம் இருந்தது. முதல் இரண்டு நாள் யாரையும் எதையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தண்ணீர், ரொட்டி, பால் பொடி, போர்வை, கையில் கிடைத்ததைக் கொடுத்துவிட வேண்டும். வயநாடு கலெக்டர் அலுவலகத்தில் ராத்திரி வந்து நின்ற லாரியிலிருந்து ராஜமாணிக்கமும் அப்போது சப் கலெக்டராக இருந்த என்.எஸ்.கே. உமேஷும் அரிசி மூட்டைகளைத் தாங்களே தூக்கி இறக்கிய படம் அந்த வாரம் எல்லார் போனிலும் சுற்றியது. இருவரும் தமிழர்கள் என்பதில் எங்கள் கடைக்குத் தனிப் பெருமை. இக்கா மட்டும் படத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மூட்டையைத் தோளில் வைத்திருக்கிற விதம் தப்பு, நாளைக்கு இடுப்புப் பிடிக்கும் என்றார். அந்த அவசரக் கட்டம் முடிந்ததும் ஆட்களுக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியத் தொடங்கிவிடுகிறது. அப்போதும் கேட்காமல் கொடுத்தால் கொடுக்கிறவர் மனசுதான் நிறையும். இது என் அபிப்பிராயம். தம்பி இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா பேரேட்டை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கோஸ்ரீ பாலம் ஏறி, வைப்பின் வழியாக, பறவூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. நானும் கூடப் போனேன். வகுப்பறைகளில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் ஓணப் பரீட்சைக்கான கேள்விகள் அழிக்கப்படாமல் இருந்தன. மூலையில் ஏற்கெனவே வந்து சேர்ந்த பழைய துணி ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதில் யாரோ அனுப்பிய பட்டுப் பாவாடையும் கோட்டும் இருந்தன. அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடையில் கேட்கிற அதே குரலில் "என்ன வேணும்?" என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு சேச்சி, "ஒன்னும் வேண்டா, எல்லாம் கிட்டி" என்றார். கட்டியிருந்த நைட்டி அவருடையதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கை நீட்டிப் பழக்கமில்லாதவர்கள். போன வாரம்வரை வீட்டில் நாலு பேருக்குச் சோறு போட்டவர்கள். அப்பா கொஞ்ச நேரம் பேரேட்டைப் புரட்டினார். பிறகு அந்தச் சேச்சியிடமே, "உங்களுக்கு வேண்டாம். சரி. அந்தப் பக்கத்துப் பாயில இருக்கிற அம்மைக்கு என்ன வேணும்?" என்றார்.

கொட்டத் தொடங்கியது. அந்த அம்மைக்கு வெற்றிலை இல்லாமல் தலை சுற்றுகிறது. அம்மை சொன்னார், இந்தச் சேச்சிக்கு அளவான உள்ளாடை இல்லை. சேச்சியின் பக்கத்தில் இருந்தவர் சொன்னார், அந்த மூலையில் இருக்கிற சேட்டனுக்குச் சவர பிளேடு, அவர் பொண்ணுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ். இன்னொருவருக்குக் காது மிஷினுக்குப் போடுகிற சின்ன பேட்டரி. ஒரு பாட்டிக்குக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். ஒரு வீட்டில் பசு தப்பித்துவிட்டது, பிண்ணாக்கு இல்லை. சேந்தமங்கலத்தில் நெசவு நெய்கிற குடும்பம் ஒன்று தங்களுக்கென்று எதுவுமே கேட்கவில்லை. ஓணத்துக்கு நெய்துவைத்த முண்டுகள் சேற்றில் கிடக்கின்றன, யாராவது வாங்குவார்களா என்று மட்டும் கேட்டார்கள். சேறு பட்ட அந்தத் துணிகளை வெட்டிச் சேக்குட்டிப் பொம்மை செய்து விற்கிற யோசனை பிறகு யாருக்கோ வந்தது. கேரளம் முழுக்க அதை வாங்கினார்கள். அன்றைக்கு அப்பாவிடம் பதில் இல்லை. 'முண்டு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டுவைத்தார்.

அரிசியில் அடுத்த சங்கதி. தமிழ்நாட்டிலிருந்து வந்த பொன்னி அரிசி மூட்டைகள் அந்தப் பள்ளிக்கூடத்தில் நிறைய இருந்தன. யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது. மட்டை அரிசிச் சோறும் கஞ்சியும் சாப்பிட்டு வளர்ந்த வயிற்றுக்கு வெள்ளைச் சோறு பண்டிகைச் சாப்பாடு மாதிரி. ஒரு வேளைக்குச் சரி, மூன்று வேளைக்கு ஆகாது. அப்பா பொன்னியை எடுத்துக்கொண்டு மட்டையாக மாற்றிக் கொடுத்தார். அந்தப் பொன்னியை மட்டாஞ்சேரியில் தமிழ் வீடுகளுக்கு விற்று விலையைப் பேரேட்டில் முகாம் கணக்கில் வரவு வைத்தார். வியாபாரி புத்தி என்று சொன்னவர்களும் உண்டு. இருக்கட்டும்.

தண்ணீர் வடிந்து வீடு திரும்புகிற சமயத்தில் பட்டியல் வேறு மாதிரி ஆனது. யாருக்கும் அரிசி வேண்டாம். துடைப்பம், மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், பினாயில், முழங்கால்வரை வருகிற ரப்பர் பூட்ஸ். எலிக்காய்ச்சல் பரவத் தொடங்கியிருந்தது. சேற்றில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதாரத் துறை டாக்சிசைக்கிளின் மாத்திரை கொடுத்தது. தம்பி கட்டிவைத்த இருநூறு பையில் சரிபாதி பிரிக்கப்பட்டு மூட்டைக்குள்ளேயே திரும்பிப் போயிற்று. அரசாங்கம் வெள்ளம் பாதித்த குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டதும் தம்பி, "பாத்தீங்களா, இதுதான் சரி. காசைக் கொடு, வேணுங்கிறதை அவங்களே வாங்கிக்குவாங்க. கேக்கவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம்" என்றான். அப்பா மறுக்கவில்லை. "காசு குடுக்கிறது ரொம்பச் சரி. ஆனா பக்கத்துல ஒரு கடை தொறந்து கெடக்கணும்லா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 ஏப்ரலில் அது திரும்ப வந்தது. அதற்குள் அப்பா இல்லை. கடையும் இல்லை. கொரோனா இரண்டாம் அலை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் டிவியில் ஒரு தீவைக் காட்டினார்கள். கரீபியக் கடலில் செயின்ட் வின்சென்ட். அங்கே லா சூஃப்ரியர் எரிமலை ஏப்ரல் 9ஆம் தேதி வெடித்து, தீவின் வடபகுதி ஜனங்கள் சுமார் இருபதாயிரம் பேர் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. கூரை, தென்னை, மாடு, ரோடு எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பக்கத்துத் தீவான பார்படோஸ்வரை சாம்பல் போய் விழுந்தது. நமக்கு வெள்ளம் தெரியும், மண்சரிவு தெரியும். இன்னும் குமுறுகிற எரிமலை அந்தமானில் ஆளில்லாத பாரன் தீவில் மட்டும்தான். ஆகவே வேடிக்கை பார்க்கிற மனசோடு பார்க்க ஆரம்பித்தேன். தேடிப் படித்தபோதுதான் அந்தத் தீவில் ஜூன் முதல் தேதி ஒரு விழா என்று தெரிந்தது. 1861இல் அதே தேதியில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. கப்பலின் பெயர் திருவிதாங்கூர்.

அதற்கு மேல் வேடிக்கை பார்க்க முடியவில்லை. அந்தக் கப்பலில் போனவர்களின் வாரிசுகள் இன்னும் அந்தத் தீவில் இருக்கிறார்கள். பெயர் மாறி, மொழி போய், மதம் மாறி இருக்கலாம். சாம்பல் விழுந்த வீடுகளில் அவர்களுடையதும் இருந்திருக்கும். பள்ளிக்கூடங்களை முகாம்களாக்கினார்கள். அங்கேயும் கரும்பலகைகள் இருந்திருக்கும். முகாமுக்குப் போனவர்களைவிடச் சொந்தக்காரர் வீட்டிலும் சிநேகிதர் வீட்டிலும் ஒண்டியவர்கள்தான் அதிகமாம். சாம்பல் கலந்து குடிதண்ணீர் கெட்டுப்போனதால் பக்கத்துத் தீவுகள் கப்பலில் தண்ணீர் அனுப்பின. ஆட்களை ஏற்றிப்போக உல்லாசக் கப்பல்கள்கூட வந்து நின்றன, தடுப்பூசி போட்டவர்களுக்குத்தான் இடம் என்ற நிபந்தனையோடு. பிறகு உலக உணவுத் திட்டத்தின் உதவியோடு குடும்பங்களுக்குப் பணமும் கொடுத்தார்கள். தம்பி சொன்ன வழி. அப்பா சொன்ன கடை எங்கே என்றுதான் நான் தேடினேன். சாம்பல் மூடிய ஊரில் காசு இருக்கும், சரக்கு இருக்காது. பாதுகாப்பான தெற்குப் பக்கத்தில் கடைகள் திறந்திருந்ததால்தான் அந்தக் காசுக்கு மதிப்பு. அங்கேயும் யாராவது ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்துப் பாய்க்காரருக்கு என்ன வேணும் என்று கேட்டிருப்பாரா? தீவுக்காரர்களுக்கு அதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லைதான். பாதிக்கு மேல் சொந்தக்காரர், சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் இருக்கும்போது கேட்காமலேயே தெரிந்திருக்கும்.

அடுத்த மாதமே டவ்தே புயலில் செல்லானத்தில் கடல் உள்ளே வந்தது. மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். பஜார் பழைய பஜாராக இருந்திருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் பேரேடு போயிருக்கும். தம்பிக்கு போன் போட்டேன். "ஊரடங்கு. யாரை அனுப்பச் சொல்ற? முகாமுக்குப் போகவே ஆளுக பயப்படுதாங்க, கொரோனா ஒட்டிக்கிடுமோன்னு" என்றான். உண்மைதான். அவன் சொன்னதில் எதையும் மறுக்க முடியவில்லை. ஆனால் கொரோனா போன பிறகும் பேரேடு போகிற வழி இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு அங்கே டெட்ராபாட் கான்கிரீட் கட்டைகளைப் போட்டுக் கடல்சுவர் கட்டினார்கள். அது நல்ல வேலை.

இன்றைய பஜார் ரோட்டில் அரிசி மொத்தக் கடைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டன. சரக்கு லாரியில் நேராகப் போய்விடுகிறது, காயல் வாசலுக்கு வேலை இல்லை. யூதத் தெருவில் ஏலம் கூவிய மிளகு வியாபாரம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. பாண்டிகசாலைக் கிடங்குகளில் பழம்பொருள் கடை, காபிக் கடை, 2012இலிருந்து பியனாலே கலைக் கண்காட்சி. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்களை உதிர்ந்தபடியே விட்டுவைத்திருக்கிறார்கள், படம் பிடிக்க நன்றாக இருக்கிறது என்று. எங்கள் கடையும் இப்போது காபிக் கடை. அப்பாவின் பெரிய தராசை மூலையில் அலங்காரமாக நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தட்டில் பூச்செடி. போன தடவை போனபோது காயல் வாசலில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் உட்கார்ந்து படகு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இக்கா உட்கார்ந்த இடம். அந்தப் பிள்ளைகளிடம் எனக்கென்ன கோபம்? காபி நன்றாகத்தான் இருந்தது.

தம்பியிடம் இதைச் சொல்லிப் புலம்பினால் அவனுக்கு எரிச்சல் வருகிறது. "நீ மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு பஜார் பஜார்ங்கிற. அந்தப் பேரேட்டுல மத்தப் பக்கத்தைப் புரட்டிப் பாரு. எத்தனை சுமட்டுக்காரங்க பேர்ல பற்று இருக்குன்னு. இக்கா பேர்லயே இருக்கு. சாகிறவரைக்கும் தீரல." நான் பார்த்தேன். இருந்தது. கடைசி வருஷம் ஒரு கோடு போட்டு அப்பா அதைத் தள்ளுபடி செய்திருக்கிறார், ஆனால் அதற்கு முந்தைய இருபது வருஷத்துக்கு ஒவ்வொரு ஓணத்துக்கும் வட்டியில்லாமல் பாக்கி எழுதியிருக்கிறார். முகாம் கணக்கு இருக்கிற அதே பேரேடு, அதே கையெழுத்து. எறியாதே என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தம் பாக்கியைப் பற்றிக் கடைசிவரை பேசவே இல்லை. இது தெரிந்த பிறகும் அந்தக் கடை திறந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. பாக்கியோடு சேர்த்துத்தான்.

2024 ஜூலை 30ஆம் தேதி விடிவதற்குள் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் ஏராளம். 2020இல் மூணாறு பெட்டிமுடியில் எழுபது பேர், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், இதே மாதிரி தூக்கத்தில் போனது ஞாபகம் வந்தது. தப்பித்தவர்களுக்கு அரசாங்கம் உடனடியாகப் பத்தாயிரம், மாத வாடகைக்கு ஆறாயிரம், குடும்பத்தில் இரண்டு பேருக்கு நாளுக்கு முந்நூறு ரூபாய் என்று அறிவித்தது. தம்பிக்கு போன் செய்து, என்ன அனுப்பலாம், யாராவது போய்க் கேட்டுவிட்டு வருவார்களா என்றேன்.

"யார்ட்டக் கேக்க? கடையா இருக்கு, ஆளா இருக்கு? முதலமைச்சர் நிதிக்குப் பணமாப் போட்டுரு."

காபிக் கடை வாடகையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. மாதம் ஐந்தாம் தேதி தவறாமல் தம்பி அனுப்பிவிடுகிறான். அந்த மாதப் பங்கை நிதிக்கு அனுப்பினேன். அனுப்பியதும் போனில் ரசீது வந்துவிட்டது.